ஒயில் நிற்கிறதா, இரும்பு நிற்கிறதா

யாழ்ப்பாணத்து நாவற்குழியில் உள்ள எங்கள் களஞ்சியத்தின் பழைய போர்க்லிஃப்ற், றாக்கையின் மேல் அடுக்கில் தரையோட்டுப் பெட்டிகளை வைத்துவிட்டு வெறும் போர்க்குகளோடு, அதாவது பாரம் தூக்கும் இரும்புக் கரங்களோடு, பின்வாங்கியதும், இறங்க மறுத்து அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர்த் தம்பி இறக்கும் லீவரை முழுதாகத் தள்ளினார், ஒன்றும் நடக்கவில்லை. அக்சிலறேற்றரை மிதித்து என்ஜினை உறுமவிட்டார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. லீவரைப் பிடித்தபடியே அவர் என்னைத் திரும்பிப் பார்த்த கணத்தில், மாஸ்ற் எனப்படும் முழுத் தூக்குச் சட்டமும் ஒருமுறை குலுங்கி, அரை அடி இறங்கி, மறுபடியும் நின்றது. அந்த அரை அடியை விளங்கிக்கொள்ள எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

நான் இயந்திரம் படித்தவன் அல்லன். சீமெந்தும் கம்பியும் தரையோடும் விற்கும் குடும்பக் கடையொன்றில் கணக்குப் பார்ப்பவன். எங்கள் போர்க்லிஃப்ற் ஜப்பானில் ஓடித் தேய்ந்து, பின்னர் இந்த நாட்டின் தெற்கே ஓரிடத்தில் இன்னொரு முறை ஓடித் தேய்ந்து, மூன்றாம் கையாக எங்களிடம் வந்த 2.5 தொன் டீசல் இயந்திரம். வாங்கி நான்கு ஆண்டுகளாகின்றன. தொடக்கத்திலிருந்தே அதற்கு இருமலும் புகையும் உண்டு. ஆனால் தூக்கியதை இறக்காமல் விட்டதில்லை. அதனால்தான் அன்று காலை நடந்ததை ஒரு புதிய நோயாகவே நான் எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணமே முதல் பிழை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கதை விளங்க வேண்டுமானால் மாஸ்ற் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையோடு பார்க்க வேண்டும். எங்களுடையது இரண்டு சட்டங்கள் கொண்டது. வெளிச்சட்டம் வண்டியோடு பூட்டப்பட்டது, அது ஏறுவதில்லை. அதன் காடிக்குள் உட்சட்டம் ரோலர்களின் மேல் ஏறி இறங்கும். உட்சட்டத்தின் காடிக்குள் போர்க்குகளைத் தாங்கும் கரியேஜ் ஏறி இறங்கும். இரு பக்கமும் நிற்கும் இரண்டு சிலிண்டர்களின் தண்டுகள் உட்சட்டத்தின் தலையில் போல்ற் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். தட்டுச் செயின்கள் இரண்டு, ஒரு முனை வெளிச்சட்டத்தோடு கட்டப்பட்டு, உட்சட்டத்தின் தலையிலுள்ள கப்பிகளின் மேலாகச் சென்று, மறுமுனையில் கரியேஜைத் தாங்கும். கிணற்றுக் கப்பியில் தண்ணீர் அள்ளிய எவருக்கும் இதன் கணக்குத் தெரியும்: இங்கே கப்பியே மேலே ஏறுவதால், உட்சட்டம் ஒரு மீற்றர் ஏறினால் கரியேஜ் இரண்டு மீற்றர் ஏறும். அதற்கு விலையாக, போர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் உட்சட்டத்தை இரண்டு கிலோவாகக் கீழே அமுக்கும்.

ஏறுவது பம்பின் வேலை. இறங்குவது அப்படியல்ல. இந்தச் சிலிண்டர்கள் ஒருபக்கம் மட்டுமே தள்ளுபவை. இறக்கும் லீவரைத் தள்ளும்போது பம்ப் எதையும் கீழே இழுப்பதில்லை. வால்வு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. உட்சட்டத்தினதும் கரியேஜினதும் எடை தண்டுகளை உள்ளே அமுக்க, ஒயில் தொட்டிக்குத் திரும்புகிறது. அது எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதை இடையிலுள்ள இன்னொரு சிறிய வால்வு கட்டுப்படுத்துகிறது. ஆகவே எங்கள் தம்பி அன்று மிதித்த மிதி டீசலை எரித்ததைத் தவிர வேறொன்றையும் செய்திருக்க முடியாது. நானும் பக்கத்தில் நின்று, 'இன்னும் கொஞ்சம் றேஸ் பண்ணும்' என்று சொன்னவன்தான்.

முதல் நான்கு வாரங்களில் நாங்கள் செய்தவற்றை விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. கணக்குப் பார்ப்பவனுக்கு அவை வலிக்கும். ஒயில் பழுதென்று ஒருவர் சொன்னார். தொட்டியை வடித்து, 46 ஆம் இலக்க ஹைட்ரோலிக் ஒயிலை நிரப்பி, பில்ற்றரையும் மாற்றினோம். வடித்த ஒயில் உண்மையில் கறுத்துத்தான் இருந்தது, ஆகவே அதை முற்றான வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாஸ்ற் நின்ற இடத்தில் நின்றது. வால்வுதான் என்று இன்னொருவர் சொன்னார். வால்வுத் தொகுதியைத் திறந்து ஓ-றிங்குகளை மாற்றினோம். பாரத்தோடு இறங்குவது முன்னைவிட மென்மையானது. வெறுமையாக இறங்குவது மாறவில்லை. இந்த வேறுபாடு எங்கள் கண்முன்னே நின்று சத்தமிட்டது. நாங்கள் அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது வைத்தியம் கிறீஸ். தம்பி ஏணி வைத்து ஏறி, காடி முழுவதும் கையால் அள்ளிப் பூசினார். இரண்டு நாள் நன்றாக இறங்கியது. அந்த இரண்டு நாளும் நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக நின்றது. சீமெந்துக் களஞ்சியத்தில் தடித்த கிறீஸ் என்பது தூசிக்கு விரித்த பாய். பைகளிலிருந்து எழும் தூள் அதில் விழுந்து, அரைக்கும் பசையாக மாறுகிறது. ரோலர் ஓடும் தடத்தில் மெல்லிய படலமாகக் கிறீஸ் தேவைதான். ஆனால் அது படலமாக இருக்க வேண்டும், பூச்சாக இருக்கக் கூடாது. கிறீஸ் படாத இடங்களிலோ, கடனீரேரிக் காற்றும் விடியற்பனியும் சேர்ந்து, படிந்த தூசியைச் சுண்ணாம்புக்கல் போல இறுக்கிவிட்டிருந்தன. தம்பி ஒரு நாள் அதை உளியால் தட்டி எடுத்தார். முருகைக்கல் உடைவது போலத் துண்டு துண்டாக விழுந்தது.

ஐந்தாம் வாரத்தில்தான் ஐயாவைக் கூட்டிவந்தோம். அவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நிற்கும்வரை அங்கே இயந்திரத் திருத்த வேலை பார்த்தவர். அதன் பின்னர் இடப்பெயர்வுகளுக்கு நடுவே, மண்ணெண்ணெயில் ஓடிய லொறிகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் உயிரோடு வைத்திருந்தவர். இப்போது கண் கொஞ்சம் மங்கல், காது நல்லது. வந்தவர் இயந்திரத்தைத் தொடவில்லை. ஒரு கதிரையைப் போடச் சொல்லி, நடந்தவை எல்லாவற்றையும் என்னைக் கொண்டு சொல்லவைத்தார். முடிவில் கேட்டார்: "தம்பி, ஒயில் நிக்குதோ, இரும்பு நிக்குதோ?"

"அது தெரிஞ்சா உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டன், ஐயா."

"தெரியாமல் ஏன் ஒயில் மாத்தினனீ?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்ட கேள்வி விளையாட்டல்ல. மாஸ்ற் இறங்காமல் நிற்பதற்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ஒயில் வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருந்தால், முழு எடையும் ஒயிலின் மேல் உட்கார்ந்திருக்கும். இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், எடையை அந்தப் பிடி தாங்கும். ஒயிலின் மேல் எதுவும் இருக்காது. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒயிலுக்குள் ஓர் அமுக்கமானியை வைத்தால் இரண்டும் இரவும் பகலும் போல வேறாகிவிடும்: நிற்கும்போது ஊசியும் நின்றால் ஒயில், ஊசி பூச்சியத்துக்கு விழுந்தால் இரும்பு.

அமுக்கமானியை இரவல் வாங்கினோம்; 250 பார் வரை காட்டுவது. அதைப் பூட்டுவதற்கான மூவழித் துண்டு ஒன்றைக் கடைச்சல் பட்டறையில் செய்வித்தோம். அது எங்கே பூட்டப்படுகிறது என்பதில் ஐயா மிகவும் கண்டிப்பாக இருந்தார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கும் சிலிண்டர்களுக்கும் இடையில்தான் அது இருக்க வேண்டும். லீவர்ப் பக்கத்தில் பூட்டினால், அந்தச் சிறிய வால்வே அடைத்திருக்கும் பட்சத்தில் ஊசி பொய் சொல்லும். அதற்குமேல் இன்னொரு சந்தேகமும் மிஞ்சியிருந்தது. குழாய் வெடித்தால் பாரம் ஒரேயடியாக விழாதபடி, சிலிண்டரின் அடியில் ஒரு காப்பு வால்வு உண்டு. அது சிக்கிக்கொண்டால் இந்த அமுக்கமானிக்குத் தெரியாது. ஆனால் இரண்டு சிலிண்டர்களில் ஒன்று மட்டும் பூட்டிக்கொண்டால் உட்சட்டம் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். எங்களுடையது நேராகவே நின்றது.

சோதனைக்கு முன்பு அவர் இன்னொன்றைக் காட்டினார். எந்தக் கட்டத்திலும் விடக்கூடாதது அது என்பதால் இங்கேயே எழுதுகிறேன். மாஸ்ற் மேலே நிற்கும்போது, கிட்டப் போகாமல், முதலில் செயினைப் பார்க்க வேண்டும். செயின் இறுக்கமாக இருந்தால் கரியேஜ் செயினில்தான் தொங்குகிறது, பிடிபட்டிருப்பது உட்சட்டம். அது விடுபட்டாலும் கீழே ஒயில் இருப்பதால், ஒயில் வெளியேறும் வேகத்துக்கு மேல் விழாது — தண்டின் தலையிலுள்ள போல்ற் கழன்று தண்டு தனியாக இறங்கியிருக்கவில்லையென்றால். செயின் தளர்ந்து தொங்கினால் கதை வேறு. அப்போது கரியேஜே காடிக்குள் சிக்கியிருக்கிறது, கப்பி இறங்கிவிட்டது, கரியேஜைத் தாங்க எதுவும் இல்லை. ஒரு தட்டு, ஓர் அதிர்வு போதும், தளர்ந்த செயினின் நீளம் முழுவதையும் அது தடையின்றி விழும். அந்த நிலையில் இறக்கும் லீவரைத் தொடர்ந்து பிடித்திருப்பதும், கீழே நின்று சுத்தியலால் தட்டுவதும் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய மடமைகள். ஏற்றும் பக்கம் மெதுவாகத் தள்ளி, செயினை மறுபடி இறுக்கத்துக்குக் கொண்டுவருவதே முதல் வேலை. எங்கள் செயின்கள் இரண்டும் இறுக்கமாக, விரலால் அமுக்கினால் ஒரே அளவு வளைபவையாக இருந்தன. கிட்டப் போய் அமுக்கிப் பார்த்தது, மாஸ்ற்றை முழுதாகக் கீழே கொண்டுவந்து, செயின் தானே பாரத்தைத் தாங்கும்படி போர்க்கை நிலத்திலிருந்து ஓர் அங்குலம் மட்டும் உயர்த்தி வைத்த பிறகுதான்.

செயினின் நீட்சியையும் அப்போதே அளந்தோம். தட்டுச் செயின் 3 சதவீதம் நீண்டுவிட்டால் கழற்றி எறிய வேண்டும் என்பதே பொதுவான வரம்பு. எங்களுடையதன் கண்ணிகளின் இடைத்தூரம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். பதினாறு கண்ணிகள் புதிதில் 304.8 மில்லிமீற்றர், 314 ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது. ஒன்று 307, மற்றது 308. பிழைத்தோம்.

பிறகு அமுக்கமானி. வெறும் போர்க்கை உயர்த்தினோம். கீழ்ப்பகுதியில் ஊசி 20 பார் அளவில் ஆடாமல் நின்றது. ஏறக்குறைய தலை உயரத்தைத் தாண்டியதும், எவரும் எதையும் ஏற்றாமலே, ஊசி 40 ஐ நோக்கி ஏறியது. பம்ப் அந்த உயரத்தில் எடையோடு மட்டுமன்றி வேறெதனோடோ மல்லுக்கட்டுகிறது. பிறகு இறக்கினோம். மாஸ்ற் நின்றது. ஊசி பூச்சியத்துக்கு விழுந்தது. ஐயாவுக்கு ஊசி தெரியவில்லை. தம்பிதான் வாசித்துச் சொன்னார். "இரும்பு," என்றார் ஐயா, தேநீரை எடுத்துக்கொண்டே. நாற்பது லீற்றர் புது ஒயில் தொட்டிக்குள் ஒரு பாவமும் அறியாமல் இருந்தது.

அடுத்த கேள்வி, எந்த இரும்பு, எங்கே என்பது. இதற்கு அவர் கேட்ட கருவிகள் வெண்கட்டியும் சீமெந்துப் பைகளும் மட்டுமே. மாஸ்ற் நிற்கும் ஒவ்வொரு முறையும், உட்சட்டம் வெளிச்சட்டத்தின் தலைக்கு மேல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைத் தூர நின்று பார்த்து, நீண்ட தடியின் முனையில் கட்டிய வெண்கட்டியால் ஒரு கோடு போட்டோம். கோடுகள் அங்குமிங்கும் சிதறி விழுந்திருந்தால் ஏதோ ஒரு ரோலர் தட்டையாகிவிட்டது, அல்லது அதன் பெயரிங் உடைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஏனென்றால் ரோலர் சுற்றிச் சுற்றித் தன் பழுதை எந்த உயரத்துக்கும் கொண்டுபோகும். எங்கள் கோடுகள் அனைத்தும் உட்சட்டம் ஒரு மீற்றருக்கு மேல் ஏறிய பகுதியிலேயே விழுந்தன. அதற்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை. ஆகவே பழுது ரோலரோடு சுற்றுவதல்ல. அந்த உயரத்தில் குடியிருப்பது.

பைகள் இன்னொரு கேள்விக்கு. ஒரு பை 50 கிலோ என்பதால், சீமெந்துக் கடைக்காரனுக்குத் தராசுப் படி தேட வேண்டியதில்லை. வெறுமையாக நின்றது. ஐந்து பைகளோடு விக்கி விக்கி இறங்கியது. பத்துப் பைகளோடு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் இறங்கியது. பத்துப் பைகள் 500 கிலோ. கப்பிக் கணக்கின்படி உட்சட்டத்தை அது 1000 கிலோவாகக் கீழே தள்ளுகிறது. பாரம் கூடினால் ரோலர்கள் முன்னும் பின்னும் காடியில் அழுந்தும் விசையும் கூடும். பிடிப்பு அந்த அழுத்தத்தால் வந்ததென்றால், பாரத்தோடு அதுவும் கூடியிருக்க வேண்டும், பைகள் உதவியிருக்கக் கூடாது. பாரம் ஏற ஏறப் பழுது மறைகிறது என்றால், அந்தப் பிடிப்பு பாரத்தைப் பொருட்படுத்தாத ஒன்று: பக்கவாட்டில் இறுகிக் கிடக்கும் ஒன்று. பாரத்தோடு நன்றாகவும் வெறுமையில் மோசமாகவும் இருக்கும் மாஸ்ற்றைப் பலர் 'பரவாயில்லை, வேலை நடக்குது' என்று ஓட்டிக்கொண்டிருப்பதை நான் பின்னர் மற்றக் களஞ்சியங்களிலும் கண்டேன். அது வேலை செய்யவில்லை. பாரம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் ஐயா, மாஸ்ற்றைப் பாராமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "இந்த றாக்கை எப்ப அடிச்சனீங்கள்?"

அந்த ஆண்டின் தொடக்கத்தில். அதற்கு முன்பு இந்த போர்க்லிஃப்ற் லொறியின் தளத்துக்கு மேல் எதையும் தூக்கியதே இல்லை. சீமெந்துப் பைகளை லொறியிலிருந்து எடுத்து நிலத்தில் வைப்பதும், நிலத்திலிருந்து எடுத்து லொறியில் வைப்பதும்தான் அதன் தொழில். தரையோட்டு வியாபாரத்தைத் தொடங்கி, இரும்பு றாக்கைகளைப் பொருத்தி, இரண்டரை மீற்றர் உயரத்தில் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிய பின்புதான் மாஸ்ற்றின் மேல்பாதி முதன்முறையாக வேலைக்கு வந்தது. பெட்டிகளோடு ஏறும்போது பம்ப் தள்ளியது. வைத்துவிட்டு வெறுமையாக இறங்கும்போது நின்றது. தொடக்கத்தில் சிறு தடக்கமாக இருந்து, தூசி இறுக இறுகப் பெரிதானது. நோய் புதிதல்ல. நாங்கள்தான் அது இருந்த இடத்துக்குப் புதிதாகப் போயிருக்கிறோம். இயந்திரம் என்ன மாறியது என்று ஐந்து வாரம் தேடியவனுக்கு, நாங்கள் என்ன மாறினோம் என்று கேட்கத் தோன்றவில்லை.

கழற்றும் வேலைக்கு இரண்டு நாள் போயிற்று. கரியேஜின் கீழே மரக்கட்டை வைத்து, செயினைத் தளர்த்தி, நங்கூர போல்ற்றுகளைக் கழற்றி, உட்சட்டத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தால், கரியேஜ் நிலத்திலேயே நின்றுவிடும். இது இலகுவான பகுதி. உட்சட்டத்தைத் தாங்கச் செயின் புளொக் வேண்டும். அதைக் களஞ்சியத்தின் கூரை வளையில் மாட்ட நான் முனைந்தபோது ஐயா தடுத்தார்: கூரை, ஓட்டைத் தாங்கக் கட்டப்பட்டது, இரும்பைத் தாங்க அல்ல. குழாய்க்கிணறு அடிப்பவர்களிடம் உயரமான இரும்பு முக்காலியொன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். வண்டியின் முன்பகுதியை உயர்த்தி, வன்னியிலிருந்து வந்த முதிரைக் கட்டைகளின் மேல் நிறுத்தினோம். பிறகு சிலிண்டர்த் தண்டுகளை உட்சட்டத்தின் தலையிலிருந்து விடுவித்து, சிலிண்டர்களை அகற்றி, உட்சட்டத்தைச் செயின் புளொக்கால் அதன் வழமையான எல்லைக்கும் கீழே இறக்கினோம். அப்படி இறக்கும்போது, உட்சட்டத்தின் அடியிலுள்ள ரோலர்கள் வெளிச்சட்டத்தின் கீழ்வாயால் வெளியே வரும். அதே நேரத்தில் வெளிச்சட்டத்தின் தலையிலுள்ள ரோலர்கள், உட்சட்டம் கீழே போய்விட்டதால், திறந்த வெளியில் நிற்கும். பார்க்க வேண்டிய நான்கு ரோலர்களும் ஒரே அசைவில் கைக்கு வந்துவிடும். யாரோ ஒரு வடிவமைப்பாளர் திருத்துபவனையும் நினைத்திருக்கிறார் என்று அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இப்படி நினைப்பவர்கள் குறைவு.

ரோலர்கள் நான்கும் நன்றாகவே சுற்றின. கையில் சுற்றியபோது கரகரப்பில்லை. குற்றவாளி அவற்றின் பின்னால் இருந்தது. ரோலர் பூட்டப்படும் குற்றிக்கும் ரோலருக்கும் இடையில், பக்கவாட்டு இடைவெளியைச் சரிசெய்வதற்காகச் சிம் எனப்படும் மெல்லிய உருக்கு வளையங்களை வைப்பது வழக்கம். வளையம் கூடினால் ரோலர் வெளியே தள்ளப்பட்டு, காடியின் பக்கச் சுவரை நெருங்கும். எங்கள் ரோலர்களின் பின்னால் உருக்கு வளையம் ஒன்றுகூட இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிய தகர வளையங்கள், பக்கத்துக்கு மூன்று வீதம் இருந்தன. ஒன்றைத் துடைத்துப் பார்த்தால், பால்மா ரின்னின் மஞ்சள் பூச்சு அழியாமல் இருந்தது.

நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. பொருளாதாரத் தடையின் காலத்தில் இந்தக் குடாநாட்டில் எத்தனை என்ஜின்கள் பால்மா ரின் தகரத்தாலும் சைக்கிள் ரியூப் துண்டாலும் ஓடின என்பது அவருக்குத் தெரியும். அவற்றில் பாதியை வெட்டியவர் அவரே. "தகரத்தில பிழை இல்லை," என்றார். "எங்க வைச்சு அளந்தவன் எண்டதுதான் பிழை."

அதைக் கண்டுபிடிக்க, காடியின் உள் அகலத்தை இருபது சென்றிமீற்றருக்கு ஒருமுறை, உட்கலிப்பராலும் வேணியராலும் அளந்து, மகளின் கணக்குக் கொப்பியில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். வெளிச்சட்டத்தின் அடியிலிருந்து ஏறக்குறைய எண்பது சென்றிமீற்றர்வரை காடி, மேற்பகுதியைவிட 1.5 மில்லிமீற்றர் அகலம். அங்கிருந்து ஒரு மீற்றர்வரை படிப்படியாக ஒடுங்குகிறது. அதற்கு மேலே தேய்வே இல்லை. காடியின் மூலையில் தொழிற்சாலையில் அடித்த பூச்சுக்கூட இருந்தது. உட்சட்டத்தில் இதே கதை தலைகீழாக: அதன் மேற்பகுதி தேய்ந்திருந்தது, கீழ்ப்பகுதி புதிது, ஏனென்றால் வெளிச்சட்டத்தின் தலையில் அசையாமல் நிற்கும் ரோலருக்கு, தாழ்ந்த தூக்கல்களின்போது உட்சட்டத்தின் மேற்பகுதி மட்டுமே முகம் காட்டும்.

நடந்தது இப்போது தெளிவு. எங்களுக்கு முந்தியவரிடமும் இந்த வண்டி ஆண்டுக்கணக்காகத் தாழ்ந்த உயரத்திலேயே வேலை செய்திருக்கிறது. அந்தப் பகுதி தேய்ந்து, மாஸ்ற் தடதடவென்று ஆடத் தொடங்கியிருக்கிறது. சத்தத்தை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். திருத்தியவர் ஆடும் இடத்தில் வைத்து அளந்து, அந்த இடத்துக்குப் போதுமான தகரத்தை அடுக்கியிருக்கிறார். அங்கே சத்தம் நின்றிருக்கும். அவருக்குக் கூலியும் கிடைத்திருக்கும். ஆனால் தேயாத மேற்பகுதிக்கு அந்த ரோலர்கள் ஆப்பாகிவிட்டன. பழுது என்றால் தேய்ந்த இடத்தில்தான் இருக்கும் என்று நான் இயல்பாகவே எண்ணியிருந்தேன். எங்கள் மாஸ்ற் நின்றது, அதன் மிக நல்ல இரும்பில்.

பக்கவாட்டு இடைவெளியை எப்போதும் காடியின் மிக ஒடுங்கிய இடத்தில் வைத்தே பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. நாங்கள் தகரத்தை முழுதும் எடுத்தோம். மூன்று தகரமும் சேர்ந்து 0.6 மில்லிமீற்றர் இருந்தன. அதற்குப் பதிலாக, ஸ்ரான்லி வீதியிலுள்ள கடையொன்றில் வாங்கிய 0.2 மில்லிமீற்றர் உருக்கு வளையத்தில் பக்கத்துக்கு ஒன்று மட்டும் வைத்தோம். இரு பக்கமும் சேர்ந்து 0.8 மில்லிமீற்றர் விடுதலை. ஒடுங்கிய இடத்தில் இப்போது மொத்தம் அரை மில்லிமீற்றர் இடைவெளி. ரோலர் இடிக்காமல் போகும். காடியை மண்ணெண்ணெயால் கழுவி, கம்பித் தூரிகையால் உரஞ்சி, உலரவிட்டு, ரோலர் ஓடும் முகத்தில் மட்டும் விரலால் வழித்த அளவுக்குக் கிறீஸ் தடவினோம். பூட்டிய பிறகு சிலிண்டர்களில் புகுந்த காற்று போகும்வரை, பாரமில்லாமல் பலமுறை மெதுவாக ஏற்றி இறக்கினோம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒடுங்கிய இடத்தில் அரை மில்லிமீற்றர் என்றால், தேய்ந்த இடத்தில் இரண்டு மில்லிமீற்றர். அங்கே மாஸ்ற் இப்போது முன்னைவிட அதிகமாக ஆடுகிறது. லொறியின் உயரத்தில் வேலை செய்யும்போது தகரக் கூரையில் கல் உருளுவது போலச் சத்தம் வருகிறது. முதல் நாளே தம்பி முறைப்பாடு சொன்னார்: "அண்ணை, திருத்தினாப் பிறகுதான் பழுதான வண்டி மாதிரிக் கிடக்கு." காடியின் தேய்ந்த பகுதியை வெல்டிங்கால் நிரப்பிச் சீவலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். மாஸ்ற் இரும்பில் வெல்டிங்கின் சூடு என்ன வளைவைக் கொண்டுவரும் என்று தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். வெல்டிங் செய்து கொடுக்கத் தயாராக இருந்த வேறு இருவரும் பொறுப்பேற்பதாகச் சொன்னார்கள், அதனாலேயே நான் அவர்களிடம் கொடுக்கவில்லை. புதிய சட்டங்களின் விலை இந்த வண்டியின் விலையை நெருங்கும். ஆகவே சத்தத்தோடு இருக்க முடிவு செய்தோம். ஆட்டம் உள்ள மாஸ்ற்றில் உயரத்துக்குக் கனத்தைக் கொண்டுபோவது சரியல்ல என்பதால், மேல் அடுக்குக்கு ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று றாக்கையின் தூணிலேயே பெயின்ற்றால் எழுதியும் வைத்தோம். கனமான பெட்டிகள் இப்போது கீழ் அடுக்கில் இருக்கின்றன.

தம்பி ஒவ்வொரு காலையும் முதல் லொறி வருவதற்கு முன்பு வெறும் போர்க்குகளை உச்சிவரை ஏற்றி, அக்சிலறேற்றரைத் தொடாமல் இறக்கிப் பார்க்கிறார். மூன்று மாதமாக ஒரு வெண்கட்டிக் கோடும் விழவில்லை. தகர வளையங்களை ஐயா தன் சாரத்து மடிப்பில் முடிந்து கொண்டுபோனார். எதற்கென்று நான் கேட்கவில்லை. மாஸ்ற்றைச் சாய்க்கும் சிலிண்டர்களில் இடப்பக்கத்தது சீலடியில் கசிவதை, மாஸ்ற் கழன்றிருந்த அந்த இரண்டாம் நாளிலேயே கண்டோம். அது அடுத்த மாத வேலை.